பெயரைக் கேட்டால் எண் சொல்வது யார்?

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஓர் இணையதளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. கோப்புகளை நகர்த்தினேன், தரவுத்தளத்தை நகர்த்தினேன், இரண்டு முறை சோதித்தேன். கடைசியாக, தளத்தின் பெயருக்கு உரிய எண்ணை எழுதி வைக்கும் டிஎன்எஸ் பதிவில் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். விடிந்ததும் ஒரே குழப்பம். பாதிப் பேருக்குப் புதிய தளம் தெரிகிறது, மீதிப் பேருக்குப் பழையது. பழைய தளத்துக்குப் போனவர்கள் நிரப்பிய படிவங்கள் எதுவும் புதிய தரவுத்தளத்துக்கு வந்து சேரவில்லை.

எங்கள் குழுவின் சீனியர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தார். "டிடிஎல் எவ்வளவுப்பா வெச்சிருந்த?" என்றார். அந்தக் கட்டத்தை நான் அதுவரை பொருட்படுத்தியதே இல்லை. அதில் 86,400 என்று இருந்தது. அதாவது, ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்ட எண்ணை மற்ற கணினிகள் 86,400 விநாடி, ஒரு முழு நாள், சேமித்து வைத்துக்கொள்ளலாம். "அப்ப நாளைக்கு வரைக்கும் பழைய சர்வரையும் சேர்த்துப் பார்த்துக்க. வேற வழியில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்த ஒரு நாளில்தான் டிஎன்எஸ்ஸை ஒழுங்காகப் படித்தேன். பெயரை எண்ணாக மாற்றித் தரும் சின்ன வேலை, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். படிக்கப் படிக்க வேறொன்று தெரிந்தது. இணையத்தை எப்படி ஆள்வது என்று அரசுகளும் நீதிமன்றங்களும் பெரிய நிறுவனங்களும் மோதிக்கொள்ளும் இடங்களில் இதுவும் ஒன்று. இதைப் புரிந்துகொள்ள நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வழி கேட்டு ஒரு வீட்டைக் கண்டுபிடித்த அனுபவம் இருந்தால் போதும்.

எண்களின் ஊர்

இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. அதை ஐபி முகவரி என்கிறோம். 192.0.2.10 என்பது போல இருக்கும். (192.0.2 என்று தொடங்கும் எண்களை, இப்படி எடுத்துக்காட்டு சொல்வதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் இங்கே யாருடைய கணினியையும் நான் சுட்டவில்லை.) கணினிகளுக்கு எண் வசதி, நமக்குப் பெயர் வசதி. நாம் தட்டும் பெயருக்கு உரிய எண்ணைக் கேட்டுச் சொல்லும் ஏற்பாடுதான் டிஎன்எஸ்.

இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட் காலத்தில் இதற்கு ஒரே ஒரு கோப்பு இருந்தது. எந்தக் கணினிக்கு எந்த எண் என்ற பட்டியல் அது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினியை வலையமைப்பில் சேர்ப்பவர்கள் அந்தக் குழுவுக்குத் தெரிவிப்பார்கள், குழு பட்டியலில் ஏற்றும், மற்றவர்கள் எல்லோரும் புதுப் பட்டியலைத் தங்கள் கணினிக்கு இறக்கிக்கொள்வார்கள். சில நூறு கணினிகளுக்கு அது போதுமாக இருந்தது. எண்ணிக்கை ஏற ஏறத் திணறியது.

1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற பொறியாளர் வேறொரு யோசனையை முன்வைத்தார். முழுப் பட்டியலை யாரும் வைத்திருக்க வேண்டாம். அவரவர் பகுதிக்கு அவரவர் பொறுப்பு. தன் பகுதியைத் தாண்டிய கேள்வி வந்தால், "எனக்குத் தெரியாது, ஆனால் யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரியும்" என்று சொன்னால் போதும். 1987-ல் திருத்தி எழுதப்பட்ட அந்த விதிகளின் மேல்தான் இன்றைய இணையமும் நிற்கிறது. இந்தத் தொழிலில் நான் கற்ற யோசனைகளில் இது எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாம் தெரிந்த ஒருவர் இல்லாமலேயே எல்லோருக்கும் விடை கிடைக்கிறது.

ஒரு கேள்வியின் பயணம்

பாடம்.எக்சாம்பிள்.ஆர்க் என்று பிரௌசரில் தட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணினிக்கோ போனுக்கோ விடை தெரியாது. தனக்கென்று நியமிக்கப்பட்ட ஒரு சர்வரிடம் அது கேட்கும். அந்தச் சர்வரின் பெயர் ரிசால்வர். உங்களுக்காக அலைந்து திரிந்து விடை கொண்டுவருவது அதன் வேலை. நீங்கள் எதையும் மாற்றி அமைக்காத வரை, பெரும்பாலும் உங்கள் இணைய சேவை நிறுவனம்தான் அதை நடத்தும். இந்த ரிசால்வர் என்ற சொல்லை நினைவில் வையுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அதைச் சுற்றியே நடக்கப் போகிறது.

ரிசால்வர் பெயரை வலமிருந்து இடமாகப் படிக்கும். முதலில் உச்சியில் இருக்கும் ரூட் சர்வர் ஒன்றிடம் போகும். "பாடம்.எக்சாம்பிள்.ஆர்க் எங்கே?" "எனக்குத் தெரியாது. ஆர்க் என்று முடியும் பெயர்களைக் கவனிப்பவர்கள் இன்ன இடத்தில் இருக்கிறார்கள்." அங்கே போய்க் கேட்கும். "அந்த வீடு எனக்குத் தெரியாது. எக்சாம்பிள்.ஆர்க்குக்குப் பொறுப்பான சர்வர் இது." அங்கேயும் போய்க் கேட்கும். "ஓ, பாடமா? 192.0.2.10." ஊர் எல்லையில் கேட்டால் தெருவைக் காட்டுகிறார்கள், தெருமுனையில் கேட்டால் வீட்டைக் காட்டுகிறார்கள். இத்தனை விசாரிப்பும் பெரும்பாலும் ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும்.

ரூட் சர்வர்களைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நெடுநாளாக உலவுகிறது. உலகத்தில் மொத்தம் 13 கணினிகள்தான், அவற்றை முடக்கினால் இணையமே நின்றுவிடும் என்பார்கள். 13 என்ற எண் உண்மைதான். ஏ முதல் எம் வரை 13 பெயர்கள், அவற்றை நடத்துவது 12 அமைப்புகள். அந்தக் காலத்தில் ஒரு டிஎன்எஸ் பதில் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்றிருந்த வரம்புதான் 13-ல் கொண்டுவந்து நிறுத்தியது. ஆனால் அந்த 13 முகவரிகளுக்குப் பின்னால், ஒரே முகவரியைப் பகிர்ந்துகொண்டு, உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் சர்வர்கள் ஓடுகின்றன. உங்கள் கேள்வி பொதுவாக அவற்றில் பக்கத்தில் இருப்பதற்குப் போய்ச் சேரும்.

தமிழிலும் உச்சிநிலைப் பெயர்கள் உண்டு. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் மூன்றும் ரூட் பட்டியலில் இருக்கின்றன. பழைய நடைமுறைப்படி டொமைன் பெயர்களில் ஆங்கில எழுத்தும் எண்ணும் இணைப்புக்குறியும் மட்டுமே வரலாம். அந்த நடைமுறையைக் கலைக்காமல் மற்ற மொழிகளைச் சேர்க்க ஒரு வழி கண்டார்கள். நீங்கள் தமிழில் தட்டுவதை, எக்ஸ்என் என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும் ஓர் ஆங்கில எழுத்துச் சரமாக பிரௌசர் மாற்றி அனுப்பும். கேள்வி கம்பியில் போவது அந்த வடிவத்தில்தான்.

இனி என்னைக் கவிழ்த்த டிடிஎல். ஒவ்வொரு முறையும் உச்சியிலிருந்து விசாரித்துக்கொண்டே வந்தால் தாங்காது என்பதால், ஒருமுறை கிடைத்த விடையை ரிசால்வர் சேமித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் எழுதி வைக்கும் விநாடிக் கணக்குதான் டிடிஎல். நான் எண்ணை மாற்றியபோது, பல ரிசால்வர்கள் பழைய எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு "இன்னும் நேரம் இருக்கிறது" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தன. அவை செய்தது சரிதான், நான்தான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் சர்வர் மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே டிடிஎல்லை 300 விநாடிக்கு இறக்கிவிடுகிறேன். மாற்றம் முடிந்து எல்லாம் சீராக ஓடிய பிறகுதான் மறுபடி ஏற்றுவேன்.

பெயர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை உலகம் சில முறை கண்டிருக்கிறது. 2016 அக்டோபர் 21 அன்று, டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் சர்வர்கள் மேல் மிராய் என்ற தீநிரல் ஒரு பெரும் தாக்குதலை ஏவியது. வீடுகளில் இருந்த கேமராக்களும் ரௌட்டர்களும்தான் அதன் படை. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெடிட் போன்ற தளங்களைப் பலரால் மணிக்கணக்கில் திறக்க முடியவில்லை. அந்தத் தளங்களின் சர்வர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவற்றுக்கு வழி சொல்ல ஆள் இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் போலக் காணாமல் போனதும் இந்த வகைதான். பராமரிப்பு வேலையில் நேர்ந்த ஒரு பிழையால் அதன் உள் வலையமைப்பு துண்டிக்கப்பட்டது. அதன் டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழித்தகவலும் இணையத்திலிருந்து விலகிக்கொண்டது. வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் சேர்ந்தே விழுந்தன.

முத்திரையும் உறையும்

முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்தால், அந்தத் தளத்துக்கும் உங்களுக்கும் நடுவே போவதை யாரும் படிக்க முடியாது. ஆனால் அந்தத் தளத்துக்குப் போவதற்கு முன் நீங்கள் கேட்ட டிஎன்எஸ் கேள்வி? முதல் வடிவமைப்பில் அது மூடாத அஞ்சலட்டைதான். போர்ட் 53 என்ற வாசல் வழியாக, குறியாக்கம் எதுவும் இல்லாமல், வழியில் இருக்கும் எல்லோர் கண்ணிலும் படும்படி போகும்.

"வெறும் பெயர்தானே, அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு குறிப்பிட்ட நோய்க்கான ஆலோசனைத் தளத்தின் பெயர், அடுத்த நாள் ஒரு காப்பீட்டுத் தளத்தின் பெயர், நள்ளிரவில் மனநல உதவித் தளத்தின் பெயர், பிறகு ஒரு வேலை தேடும் தளத்தின் பெயர். நான்கு பெயர்களை நேரத்தோடு வரிசையாக வைத்தால் ஒருவரின் ஒரு மாத வாழ்க்கை தெரிந்துவிடுகிறது. எந்தப் பக்கத்தில் என்ன படித்தார் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

அஞ்சலட்டைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நடுவில் ஒருவர் போலி விடையைத் திணிக்கலாம். 2008-ல் டான் காமின்ஸ்கி என்ற பாதுகாப்பு ஆய்வாளர், ரிசால்வர்களின் சேமிப்பில் பொய் விடையை ஏற்றுவது எவ்வளவு எளிது என்று கண்டுபிடித்தார். ஒவ்வொரு கேள்வியோடும் ஓர் அடையாள எண் போகும். அதே எண்ணோடு வரும் பதிலை ரிசால்வர் நம்பிவிடும். அந்த எண்ணுக்கு இருந்த வாய்ப்புகள் மொத்தம் 65,536 மட்டுமே. ஊகித்து ஊகித்து அடித்தால் சிக்கிவிடும். அவர் அதைப் பகிரங்கமாகப் போட்டு உடைக்காமல் மென்பொருள் நிறுவனங்களை அமைதியாக ஒன்று சேர்த்தார். அந்த ஜூலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் திருத்தம் வெளியிட்டார்கள். கேள்வி புறப்படும் போர்ட் எண்ணையும் மாற்றி மாற்றி வைத்தால் ஊகிப்பது மிகக் கடினமாகிவிடும் என்பதுதான் அந்தத் திருத்தம்.

நிலையான தீர்வுக்குப் பெயர் டிஎன்எஸ்செக். ஒவ்வொரு விடையின் மேலும் கணித முறையில் ஒரு முத்திரை குத்துவது. 2010 ஜூலையில் ரூட் பட்டியலுக்கே முத்திரை வந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முத்திரை குத்திய அஞ்சலட்டையும் அஞ்சலட்டைதான். விடையை யாரும் மாற்றவில்லை என்று அது உறுதி சொல்லும், விடையை மறைக்காது. மறைக்க உறை வேண்டும். அதற்கு இரண்டு முறைகள் வந்தன. 2016-ல் டிஎன்எஸ் ஓவர் டிஎல்எஸ், 2018-ல் டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ். புதிதாக இதைக் கற்பவர்கள் முத்திரையையும் உறையையும் குழப்பிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். நானும் குழம்பியிருக்கிறேன்.

உறையில் இரண்டு வகை எதற்கு? முதல் வகைக்குத் தனி வாசல், போர்ட் 853. வலையமைப்பை நடத்துபவர் விரும்பினால் அந்த ஒரு வாசலைச் சாத்திவிடலாம். இரண்டாம் வகை, எல்லா இணையதளங்களும் பயன்படுத்தும் அதே போர்ட் 443 வழியாகக் கூட்டத்தோடு கூட்டமாகப் போகும். பிரித்தெடுப்பது கடினம். ஒரு பொறியியல் தேர்வு அரசியல் கேள்வியாக மாறியது இங்கேதான். ஃபயர்ஃபாக்ஸ் பிரௌசரின் மொசில்லா இந்த இரண்டாம் முறையைக் கொண்டுவர முனைந்தபோது, 2019-ல் பிரிட்டனின் இணைய சேவை நிறுவனங்களின் சங்கம் 'இணைய வில்லன்' பட்டத்துக்கு அதன் பெயரை முன்மொழிந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. குழந்தைகளுக்கான வடிகட்டலும் சட்டப்படியான தடைகளும் இதனால் பயனற்றுப் போகும் என்பது சங்கத்தின் வாதம். பயனரின் கேள்வியை வழியில் யாரும் படிக்கக் கூடாது என்பது மொசில்லாவின் வாதம்.

நான் இதில் மொசில்லா பக்கம்தான். ஆனாலும் ஒரு நெருடல் உண்டு. உறை, வழியில் இருப்பவர்களிடமிருந்துதான் காக்கும். உறையைப் பிரித்துப் படித்து விடை சொல்ல ரிசால்வர் என்று ஒருவர் மறுமுனையில் இருந்தே ஆக வேண்டும். 2020-ல் அமெரிக்கப் பயனர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ் இதை இயல்பாகவே இயக்கத் தொடங்கியபோது, அவர்களின் கேள்விகள் உள்ளூர் சேவை நிறுவனத்துக்குப் பதிலாக கிளவுட்ஃப்ளேர் என்ற நிறுவனத்துக்குப் போகத் தொடங்கின. நம்பிக்கையை இடம் மாற்றினோம், ஒழிக்கவில்லை. கூகுள் 2009 முதல் 8.8.8.8 என்ற முகவரியிலும், குவாட்9 2017 முதல் 9.9.9.9 என்ற முகவரியிலும், கிளவுட்ஃப்ளேர் 2018 முதல் 1.1.1.1 என்ற முகவரியிலும் எல்லோருக்கும் இலவசமாக விடை சொல்கின்றன. நல்ல சேவைகள்தான். ஆனால் எல்லாம் தெரிந்த ஒருவர் வேண்டாம் என்று 1983-ல் தொடங்கிய ஓர் ஏற்பாடு, எல்லாக் கேள்வியையும் கேட்கும் சிலரிடம் வந்து நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதற்கும் ஒரு விடையைப் பொறியாளர்கள் யோசித்திருக்கிறார்கள். 2022-ல் ஆவணமான ஒரு சோதனை முறையில், உங்கள் கேள்வி நடுவில் ஒரு தரகர் வழியாகப் போகும். கேட்டது யார் என்று தரகருக்குத் தெரியும், என்ன கேட்டார் என்று தெரியாது. ரிசால்வருக்குக் கேள்வி தெரியும், கேட்டவர் யார் என்று தெரியாது. தரகரும் ரிசால்வரும் கைகோத்துக்கொள்ளாத வரை இரண்டையும் ஒருசேர அறிந்தவர் யாருமில்லை. இன்னும் பரவலாகவில்லை. பரவ வேண்டும் என்று விரும்புகிறேன்.

மாற்றிச் சொன்ன வழி

இனி கொள்கைப் பக்கம். ஒரு தளத்தைத் தடை செய்யச் சொல்லி உத்தரவு வந்தால், அதை நிறைவேற்ற மலிவான வழி ரிசால்வரை மாற்றிச் சொல்ல வைப்பது. "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று சொல்லச் செய்யலாம், அல்லது வேறொரு எண்ணைக் கொடுக்கச் செய்யலாம். தளம் அங்கேயேதான் இருக்கும். வழி சொல்பவர் மட்டும் வாயை மூடிக்கொள்வார்.

2014 மார்ச்சில் துருக்கியில் ட்விட்டரை இப்படித்தான் முதலில் முடக்கினார்கள். மக்கள் தங்கள் ரிசால்வரை மாற்றிக்கொண்டார்கள். 8.8.8.8 என்ற எண்ணைச் சுவர்களில் பெயின்ட்டால் எழுதி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். சில நாட்களில் அந்த வழியையும் அடைத்தார்கள். ஒரு ரிசால்வரின் எண் தெருச்சுவரில் எழுதப்பட்ட அந்தப் படங்களை இப்போது பார்த்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அதற்கு முன்பே, 2011-ல், திருட்டுத்தனமாகப் படங்களும் பாடல்களும் பகிரும் தளங்களை டிஎன்எஸ் வழியாகத் தடுக்க அமெரிக்காவில் சட்ட முன்வரைவுகள் வந்தன. டான் காமின்ஸ்கி, பால் விக்ஸி உள்ளிட்ட ஐந்து டிஎன்எஸ் வல்லுநர்கள் அந்த மே மாதம் ஓர் அறிக்கை எழுதினார்கள். முத்திரை குத்திய விடையை நடுவில் மாற்றினால், முத்திரை உடைந்ததைப் பார்த்து கணினி அதைத் தாக்குதலாகவே கருதும். சட்டப்படி செய்த மாற்றத்துக்கும் திருடன் செய்த மாற்றத்துக்கும் கணினியால் வேறுபாடு காண முடியாது. தடையைத் தாண்ட நினைப்பவர்களோ, யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத ரிசால்வர்களைத் தேடிப் போய் ஆபத்தில் விழுவார்கள். அந்த முன்வரைவுகளை எதிர்த்து, 2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா ஒரு நாள் முழுக்கத் தன்னை இருட்டாக்கிக்கொண்டது. அதன் பிறகு அவை கிடப்பில் போடப்பட்டன.

கேள்வி அதோடு முடியவில்லை. 2021-ல், ஜெர்மனியின் ஹாம்பர்க் நீதிமன்றம், சோனி மியூசிக் தொடுத்த வழக்கில் ஒரு தளத்துக்கு விடை சொல்லக் கூடாது என்று குவாட்9-க்கு உத்தரவிட்டது. லாபநோக்கு இல்லாத அந்த அமைப்பு வழக்கை விடாமல் நடத்தி, 2023 டிசம்பரில் டிரெஸ்டன் மேல்நீதிமன்றத்தில் வென்றது. 2024-ல் பிரான்ஸில் ஒரு நீதிமன்றம், விளையாட்டு ஒளிபரப்பைத் திருட்டுத்தனமாகக் காட்டும் தளங்களுக்கு விடை சொல்லக் கூடாது என்று கூகுள், கிளவுட்ஃப்ளேர், சிஸ்கோ மூன்றுக்கும் ஆணையிட்டது. சிஸ்கோ தன் ஓப்பன்டிஎன்எஸ் சேவையையே அந்த நாட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனது. படைப்பாளியின் உழைப்பைத் திருடுவது தவறு, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்தத் தளத்தை நடத்துபவர், அதற்கு இடம் கொடுத்த நிறுவனம், பெயரைப் பதிவு செய்து கொடுத்தவர் என்று நேரடித் தொடர்புடைய பலர் இருக்க, வழி கேட்டவருக்கு வழி சொன்னவரைப் பிடிப்பது என் கணக்கில் கடைசிப் படியாகவே இருக்க வேண்டும். டிஎன்எஸ் தடை முரட்டுத்தனமானதும்கூட. ஒரு பக்கத்தில் குற்றம் இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் அதனால் மறைக்க முடியாது. அந்தப் பெயரில் இருக்கும் அத்தனையும் சேர்ந்து மறையும்.

விடையை மாற்றிச் சொல்வது அரசு மட்டும் செய்வதில்லை. 2003 செப்டம்பரில், .காம், .நெட் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம், யாராவது எழுத்துப்பிழையோடு இல்லாத பெயரைத் தட்டினால் "இல்லை" என்று சொல்வதை நிறுத்திவிட்டுத் தன் சொந்தத் தேடல் பக்கத்துக்குக் கொண்டுபோனது. வணிகம்தான் நோக்கம். ஆனால் "இல்லை" என்ற விடையை நம்பித்தான் பல மென்பொருள்கள் ஓடிக்கொண்டிருந்தன. அனுப்புநரின் டொமைன் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்துக் குப்பை மின்னஞ்சலைக் கழித்த வடிகட்டிகளுக்கு, திடீரென்று எல்லா டொமைனும் இருப்பதாகத் தோன்றியது. உலகப் பெயர் ஒழுங்கைக் கவனிக்கும் ஐகான் அமைப்பு கண்டித்தது. மூன்று வாரத்துக்குள் அந்தச் சேவை நின்றது. "இல்லை" என்பதும் ஒரு விடை. அதை நேர்மையாகச் சொல்பவர் வேண்டும்.

இதையெல்லாம் சொன்னதால் வடிகட்டலே கூடாது என்கிறேனா? என் வீட்டிலேயே ஒரு சின்னக் கணினியில் பை-ஹோல் என்ற மென்பொருளை ஓட்டுகிறேன். விளம்பரங்களும் உளவு பார்க்கும் நிரல்களும் வரும் பெயர்களுக்கு அது விடை சொல்ல மறுக்கும். குவாட்9 தீநிரல் பரப்பும் பெயர்களை மறுக்கிறது, அதற்காகவே பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குழந்தைகளின் சாதனங்களுக்குப் பெற்றோர் வைக்கும் வடிகட்டலும் இதே வகை. இவற்றுக்கும் துருக்கியில் நடந்ததற்கும் நுட்பத்தில் ஒரு வேறுபாடும் இல்லை. முடிவெடுத்தது யார், எனக்குச் சொன்னார்களா என்ற இரண்டு கேள்விகளில்தான் வேறுபாடு இருக்கிறது.

இந்த இரண்டுக்கும் விடை சொல்ல ஏற்கனவே ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்த நாள் எனக்கு மிகவும் மகிழ்ச்சியான நாள். இணையத்தின் நடைமுறைகளை வகுக்கும் ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர். 2020-ல் வந்த ஆர்எஃப்சி 8914, டிஎன்எஸ் பதிலோடு ஒரு காரண எண்ணையும் சேர்த்து அனுப்பலாம் என்கிறது. 15 என்றால், ரிசால்வரை நடத்துபவரே தன் கொள்கைப்படி தடுத்திருக்கிறார். 16 என்றால், வெளியிலிருந்து வந்த கட்டாயத்தால் தடுத்திருக்கிறார். 17 என்றால், பயனரான நீங்களே கேட்டுக்கொண்ட வடிகட்டல். விடையே மாற்றப்பட்டது என்று ஒப்புக்கொள்ள 4 என்ற எண்கூட உண்டு. வழி சொல்பவர், "அந்த வீடு இருக்கிறது, ஆனால் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு" என்று முகத்தைப் பார்த்துச் சொல்வதற்குச் சமம் இது.

வருத்தம் என்னவென்றால், இந்த எண்கள் சாதாரணப் பயனர் கண்ணில் அநேகமாகப் படுவதே இல்லை. தடை செய்த தளத்தைத் திறந்தாலும், சர்வர் பழுதான தளத்தைத் திறந்தாலும், பிரௌசர் பெரும்பாலும் ஒரே மாதிரி "தளத்தை அடைய முடியவில்லை" என்றே சொல்கிறது. தன் இணைப்பில் கோளாறு என்று நினைத்து ரௌட்டரை அணைத்து அணைத்துப் போடுபவர்கள் எத்தனையோ பேர். பிரௌசர் உருவாக்குபவர்களின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. குறியாக்கம் இல்லாத பாதையில் வரும் காரண எண்ணை நடுவில் யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், அதை நம்பித் திரையில் காட்டினால் ஏமாற்றுக்காரர்களுக்கு அது கருவியாகிவிடும். ஆனால் உறைக்குள் வரும் பதிலில் வழியில் யாரும் கைவைக்க முடியாது. அங்கேயாவது காட்டத் தொடங்கலாம். தடை உத்தரவு எழுதும் இடத்தில் நான் இருந்தால் கூடுதலாக ஒரு வரி சேர்ப்பேன்: தடுப்பவர் 16 என்ற எண்ணைக் கட்டாயம் அனுப்ப வேண்டும். தடை சரியா தவறா என்று வாதாட வேண்டுமானால், முதலில் தடை இருப்பது தெரிய வேண்டும்.

உங்களுக்கு வழி சொல்வது யார்?

பார்ப்பது எளிது. கணினியில் டெர்மினலையோ கமாண்ட் பிராம்ப்ட்டையோ திறந்து, என்எஸ்லுக்அப் என்ற கட்டளையைத் தட்டி, இடைவெளி விட்டு ஏதாவது ஒரு தளத்தின் பெயரைத் தட்டுங்கள். முதலில் வரும் 'சர்வர்' என்ற வரியிலும் அதற்கு அடுத்த வரியிலும் இருப்பதுதான் உங்கள் கணினி கேள்வி கேட்கும் இடம். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண்ணாக இருக்கும். அது உங்கள் வீட்டு ரௌட்டர், அது கேள்வியை மேலே யாருக்கு அனுப்புகிறது என்று அதன் அமைப்புப் பக்கத்தில் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில், 9-ஆம் பதிப்பிலிருந்து, நெட்வொர்க் அமைப்புகளுக்குள் 'தனிப்பட்ட டிஎன்எஸ்' என்ற இடம் இருக்கிறது. அங்கே ஒரு ரிசால்வரின் பெயரைக் கொடுத்தால் கேள்விகள் உறைக்குள் போகும்.

போன மாதம் என் சித்தியின் போனில் இதை அமைத்துக் கொடுக்க உட்கார்ந்தேன். என்ன, எதற்கு என்று மேலே எழுதியதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன்.

"அப்ப இதைப் போட்டா நான் என்ன பார்க்கறேன்னு யாருக்குமே தெரியாதாடா?"

"இல்ல சித்தி. நீங்க எந்த எண்ணுக்குப் போறீங்கன்னு நெட் கொடுக்கறவங்களுக்குத் தெரியும். பல நேரத்துல தளத்தோட பேரும் தெரியும், இணைப்பு தொடங்கும்போது அது வெளிப்படையாப் போகுது. அதையும் மூடற முறை இப்பத்தான் வந்துகிட்டு இருக்கு. நீங்க கேக்கற எல்லாப் பேரும் இந்தப் புது ஆளுங்களுக்குத் தெரியும்."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அவங்க அதை எழுதி வெச்சுக்க மாட்டாங்களா?"

"எத்தனை நாள் வெச்சுக்குவோம்னு சொல்லியிருப்பாங்க சித்தி."

"எங்க சொல்லியிருக்காங்க? அதைக் காட்டு முதல்ல. அப்புறம் போடலாம்."

மூன்று நிறுவனங்களின் தனியுரிமைக் கொள்கையையும் திறந்து வைத்துக்கொண்டு, இருவரும் அன்று மாலை வரி வரியாகப் படித்தோம்.